தாய் தகப்பன் இல்லாத பிள்ளை எங்கே வளரட்டும்? தருமபுரி, கிருஷ்ணகிரிக் குடும்பங்களுக்கு ஓர் ஒப்பீடு

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தபந்தம் கிளம்பும் நேரத்தில், திண்ணையில் அந்தப் பேச்சு தொடங்கும். "பிள்ளைங்கள யார் வச்சுக்கறது?" அழுத கண் இன்னும் காய்ந்திருக்காது. ஆனால் முடிவு பெரும்பாலும் அந்த அரை மணி நேரத்திலேயே ஆகிவிடுகிறது. பெண் பிள்ளை பெரியம்மா வீட்டுக்கு, பையன் ஆயாவிடம். இல்லாவிட்டால் யாரோ தெரிந்தவர் சொன்ன ஒரு 'ஹோம்'. பிள்ளைகளை ஒருவரும் கேட்பதில்லை. ஒரு துண்டுக் காகிதம்கூட எழுதப்படுவதில்லை.

என்னிடம் வரும் கேள்விகளும் இந்த இடத்திலிருந்துதான் வருகின்றன. பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்த மகனும் மருமகளும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள்; பதினொரு வயதில் ஒரு பெண், ஏழு வயதில் ஒரு பையன்; ஆயாவுக்கு முழங்கால் வலி; தாய்மாமன் ஓசூரில். இன்னொரு வீட்டில் அப்பா இறந்துவிட்டார், அம்மா வேறு கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டார். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: நாமே வைத்துக்கொள்வதா, தத்து எழுதுவதா, இல்லத்தில் விடுவதா?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளை எங்கே இருந்தாலும் அதற்கு ஓர் உத்தரவு எழுத்தில் இருக்க வேண்டும். முதல் வருடத்தில், திரும்ப மாற்ற முடியாத எந்த முடிவையும் எடுக்கக் கூடாது. மற்றதெல்லாம் குடும்பத்துக்குக் குடும்பம் மாறும்.

## சட்டம் எங்கே மாறியிருக்கிறது

பெரியவர்கள் இன்னமும் பழைய கணக்கிலேயே யோசிக்கிறார்கள். "கோர்ட்டுக்குத்தான் போகணும்", "அரசாங்கம் ஹோமில்தான் சேர்க்கும்" என்ற பேச்செல்லாம் அந்தக் கணக்குதான். இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம் 2015-இல் புதிதாக வந்தது. இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்பதை அது ஒரு கொள்கையாகவே எழுதி வைத்திருக்கிறது. அதற்கான தமிழ்நாட்டு விதிகள் 2017-இல் வந்தன. 2021-இல் சட்டம் திருத்தப்பட்டு, 2022 செப்டம்பர் முதல் தத்து உத்தரவு பிறப்பிக்கும் அதிகாரம் நீதிமன்றத்திடமிருந்து மாவட்ட ஆட்சியருக்குப் போனது. தனியார் நடத்தும் குழந்தைகள் விடுதி, இல்லங்களுக்கு உரிமம் கட்டாயம் என்று தமிழ்நாடு 2014-இலேயே தனிச் சட்டம் போட்டிருக்கிறது.

பணமும் மாறியிருக்கிறது. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வத்சல்யாவில் குடும்பத்தோடு வளரும் குழந்தைக்கு மாதம் 2,000 ரூபாயாக இருந்த நிதி ஆதரவு 2022-இல் 4,000 ஆனது. தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில், பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத நிலையில் உள்ள குழந்தைக்கும் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் கிடைக்கிறது.

முடிவெடுக்கும் இடம் குழந்தைகள் நலக் குழு. மாவட்டத்துக்கு ஒன்று உண்டு; ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். அதற்கு முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்குரிய அதிகாரம் இருக்கிறது. மாதத்தில் 20 நாளாவது கூட வேண்டும் என்பது சட்டம். அலுவலக வேலைகளைப் பார்ப்பது மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு. கிருஷ்ணகிரி 2004-இல் தனி மாவட்டமானதால் அங்கே தனிக் குழு, தனி அலகு. ஊத்தங்கரைக்காரர் தருமபுரியில் போய் நின்றால் வேலை நடக்காது.

## எதை வைத்து எடை போடுவது

பணத்திலிருந்து தொடங்காதீர்கள். முதலில் பிள்ளையைக் கேளுங்கள், அதுவும் தனியாக. சித்தி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது "சித்தி வீட்ல இருக்கியாம்மா?" என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் தலையைத்தான் ஆட்டும். ஏழு வயதுப் பிள்ளைக்கும் தனக்கு எங்கே பயம், எங்கே நிம்மதி என்று தெரியும்.

அடுத்தது பாதுகாப்பு. அந்த வீட்டில் குடிப்பவர் உண்டா, இரவில் பிள்ளை எங்கே யாரோடு படுக்கும், கழிப்பறை வீட்டுக்குள் இருக்கிறதா, பகலில் எல்லோரும் வேலைக்குப் போனால் யார் இருப்பார்கள்? இதைக் கேட்பது சொந்தக்காரரை அவமதிப்பது ஆகாது. கேட்காமல் விட்டால் பாதிக்கப்படப் போவது பிள்ளை.

மூன்றாவது, உடன்பிறந்தவர்கள் சேர்ந்திருப்பது. தாயும் தகப்பனும் போன பிறகு அக்காவும் தம்பியும்தான் ஒருவருக்கொருவர் மிச்சம். ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்வது பெரியவர்களுக்கு நியாயமான பங்கீடாகத் தோன்றலாம். பிள்ளைகளுக்கு அது இரண்டாவது இழவு.

பள்ளிக்கூடத்தை இரண்டு விதமாகப் பார்க்க வேண்டும். படிப்பு நடுவில் அறுபடாமல் இருப்பது ஒன்று. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் பலர். வேறு மாவட்டத்துக்குப் போனால் மொழியே புதிதாகிவிடும். இன்னொன்று, யாரும் யோசிக்காத நட்டம். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 சட்டப்படி கிடைக்கிறது. அதற்கு ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மறு வருடமே பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் அது விரிந்தது. "இங்கிலீஷ் மீடியம் ஹோம்" என்று ஏழாம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாற்றினால் அந்தக் கதவு சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும்.

கடைசியாகச் சொத்து. அரை ஏக்கர் புஞ்சையோ, தொப்பூர் கணவாயில் நடந்த விபத்துக்கான இழப்பீடோ, கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்திலிருந்து வரவேண்டிய பணமோ இருந்தால், எந்த வழி அதைப் பிள்ளைக்கே பத்திரமாக வைத்திருக்கும் என்று பார்க்க வேண்டும்.

## சொந்தத்தில் வளர்வது

நம் பக்கத்தில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு நடப்பது இதுதான். என் பார்வையில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு நல்லதும் இதுதான். பிள்ளைக்குத் தெரிந்த முகம், தெரிந்த சாப்பாடு, அதே பள்ளி. ஆனால் "நாங்களே பார்த்துக்கறோம்" என்று வாயால் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறார்கள். அங்கேதான் எல்லாச் சிக்கலும் தொடங்குகிறது.

குழந்தைகள் நலக் குழு முன் பிள்ளையைக் கூட்டிப்போனால், விசாரித்து, குடும்பத்திடமோ 'தகுதியான நபர்' என்று ஒருவரிடமோ எழுத்துப்பூர்வமாக ஒப்படைக்கலாம். நிதி ஆதரவுக்கும் அங்கேயே உத்தரவிடலாம். அந்தக் காகிதம் பிறகு பள்ளி மாற்றத்துக்கும் வங்கிக் கணக்குக்கும் ஆஸ்பத்திரிக்கும் உதவும். நாளைக்கு இன்னொரு சொந்தக்காரர் வந்து கையைப் பிடித்து இழுத்தால், ஆயாவின் கையில் இருக்கும் ஒரே பலமும் அதுதான்.

4,000 ரூபாய்க்கு வருமான வரம்பு உண்டு: கிராமத்தில் ஆண்டுக்கு 72,000, மற்ற இடங்களில் 96,000. இறந்தவரின் மனைவி தனியாக வளர்க்கும் பிள்ளைகளும், உறவினரோடு வாழும் பெற்றோரில்லாத பிள்ளைகளும் இதில் வருவார்கள். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு ஒப்புதல் தர வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகலாம். இந்த மாதம் மனுக் கொடுத்து அடுத்த மாதம் பணம் வரும் என்று கணக்குப் போட்டுக் கடன் வாங்காதீர்கள். பிள்ளை தொடர்ந்து பள்ளிக்குப் போக வேண்டும் என்பது நிபந்தனை. அன்புக் கரங்களுக்கும் அதே நேரத்தில் மனுக் கொடுங்கள். இரண்டில் எது உங்கள் பிள்ளைக்குப் பொருந்தும் என்பதை மாவட்ட அலகில் பார்த்துச் சொல்வார்கள்.

மறைந்திருக்கும் செலவுகள் இந்த வழியில்தான் அதிகம். இறப்புச் சான்று முதல் செலவு. பெங்களூரில் இறந்திருந்தால் சான்று கர்நாடகத்தில்தான் வாங்க வேண்டும். கூலி வேலை செய்பவருக்கு அது இரண்டு மூன்று நாள் சம்பளம். அப்புறம் வாரிசுச் சான்று, வருமானச் சான்று, பிள்ளையின் ஆதார், ரேஷன் அட்டையில் பெயர் மாற்றம், வங்கிக் கணக்கு. சித்தேரி மலையிலிருந்து ஓர் ஆயா கலெக்டர் ஆபீசுக்கு வந்து போக ஒரு முழு நாள் போகும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றாலும் அன்றைய கூலி போனது போனதுதான். அதனால் சான்றுகளை ஒவ்வொன்றாக வாங்க அலையாமல், என்னென்ன வேண்டும் என்று முதல் முறையே எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.

அப்பா இறக்காமல் எங்கோ போய்விட்டவர் என்றால் சான்று எதுவும் இருக்காது. காணாமல் போனவரை இறந்தவராகக் கருதச் சட்டம் ஏழு வருடம் காத்திருக்கச் சொல்கிறது. ஆனால் பிள்ளைக்கான உதவிக்கு அத்தனை நாள் காத்திருக்க வேண்டியதில்லை. கைவிடப்பட்ட நிலையை நலக் குழுவே விசாரித்துப் பதிவு செய்யலாம்.

இன்னொரு செலவு வயது. ஆயாவுக்கு இன்று அறுபத்தைந்து என்றால், ஏழு வயதுப் பையனுக்குப் பதினெட்டு ஆகும்போது அவருக்கு எழுபத்தாறு. அவருக்குப் பிறகு யார் என்பதை இப்போதே பேசி, அந்தப் பெயரையும் நலக் குழுவின் கோப்பில் பதிவு செய்யச் சொல்லலாம்.

தாய்மாமன் வீட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் தாய்மாமன் என்றால் உரிமை, பாசம், சீர் எல்லாம் உண்டு. நிறைய தாய்மாமன்கள் தங்கள் பிள்ளைக்கும் மேலாக வளர்த்திருக்கிறார்கள். ஆனால் பெண் பிள்ளை என்றால், "வளர்த்தவனே கட்டிக்கட்டும்" என்ற பேச்சும் கூடவே வரும். பதினொரு வயதுப் பிள்ளை காதில் அந்தப் பேச்சு விழும் வீடு அவளுக்கு வளரும் இடமாக இருக்க முடியாது. கல்யாணம் ஆகாத தாய்மாமன் இருக்கும் வீடு என்றால், பொறுப்பை ஆயா பெயரில் வாங்குங்கள். நலக் குழுவிடம் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர்கள் வீட்டைப் பார்வையிட வருவார்கள்.

## நீதிமன்றத்தில் பாதுகாவலராவது

நிலமோ பெரிய தொகையோ இருந்தால்தான் இது தேவை. 1890-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். வக்கீல் செலவு உண்டு, காலமும் பிடிக்கும்.

அவ்வளவு கஷ்டப்பட்டு எதற்கு என்று கேட்பார்கள். மைனர் பிள்ளையின் நிலத்தை, வளர்க்கிறோம் என்ற ஒரே காரணத்துக்காகச் சித்தப்பாவோ மாமனோ விற்க முடியாது. 1956-ஆம் ஆண்டு இந்து மைனர் சட்டம் அதைத் தடுக்கிறது. நீதிமன்றம் நியமித்த பாதுகாவலரும் அனுமதி வாங்கித்தான் விற்கவோ அடமானம் வைக்கவோ முடியும். ஆக, விற்பதற்கு இது குறுக்குவழி ஆகாது, காப்பதற்கான வழி. விபத்து இழப்பீட்டில் மைனரின் பங்கைத் தீர்ப்பாயம் பொதுவாக வங்கி வைப்பாகப் போட்டுவிடும். பராமரிப்புக்கு வட்டியை எடுக்க அனுமதி கேட்கலாம்.

இந்த வழிக்குப் போகாவிட்டாலும் ஒன்றை மட்டும் தவறவிடாதீர்கள். தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்று வாங்கும்போது பிள்ளைகள் அத்தனை பேரின் பெயரும், முக்கியமாகப் பெண் பிள்ளையின் பெயர், அதில் இருக்கிறதா என்று படித்துப் பார்த்த பிறகே வாங்குங்கள்.

## சொந்தத்துக்குள் தத்து

பிள்ளையில்லாத சித்தியோ பெரியப்பாவோ "எழுதிக் கொடுத்துடுங்க, எங்க பிள்ளையா வளர்க்கறோம்" என்பார்கள். மனசு நல்லதாகவே இருக்கும். ஆனால் இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி நோட்டரியிடம் முத்திரை வாங்கினால் அது தத்து ஆகாது. பெற்றோரில்லாத பிள்ளையை முறைப்படி இல்லாமல் தத்துக் கொடுப்பதும் வாங்குவதும் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கக்கூடிய குற்றம்.

சரியான வழி இருக்கிறது. சட்டத்தில் 'உறவினர்' என்றால் அப்பா வழி, அம்மா வழி மாமன், சித்தப்பா, பெரியப்பா, அத்தை, சித்தி, பெரியம்மா, தாத்தா பாட்டிகள். இவர்கள் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு மூலம் விண்ணப்பிக்கலாம். வெளியார் தத்துக்கு இருக்கும் வயது வரம்பு உறவினருக்குக் கிடையாது. பிள்ளைக்கு ஐந்து வயது ஆகியிருந்தால் அதன் சம்மதமும் வேண்டும். ஆட்சியர் இரண்டு மாதத்துக்குள் முடிவு செய்ய வேண்டும். இந்துக் குடும்பங்களுக்கு 1956-ஆம் ஆண்டுத் தத்துச் சட்டம் தனியாக இருக்கிறது. ஆனால் தாய் தகப்பன் இருவரும் இல்லாதபோது பாதுகாவலர் தத்துக் கொடுக்க நீதிமன்ற அனுமதி வேண்டும். அந்தச் சட்டத்தில், ஏற்கெனவே மகன் இருப்பவர் இன்னொரு மகனைத் தத்தெடுக்க முடியாது.

தத்து கொடுக்கும் உறுதியை வேறு எந்த வழியும் கொடுக்காது. பிள்ளைக்குப் புது வீட்டில் முழு வாரிசு உரிமை வந்துவிடும். பெற்றோர் விட்டுப்போன, ஏற்கெனவே பிள்ளை பெயருக்கு வந்துவிட்ட சொத்தும் பிள்ளையிடமே இருக்கும்.

விலை என்ன என்றால், பிறந்த குடும்பத்தோடு சட்ட உறவு அறுந்துவிடும். அக்காவை ஒருவர் தத்தெடுத்துத் தம்பியை எடுக்கவில்லை என்றால், காகிதத்தில் அவர்கள் இனி அக்கா தம்பி இல்லை. சட்டப்படி பெற்றோர் வந்துவிட்டதால், பெற்றோரில்லாத குழந்தை என்ற பெயரில் வந்த உதவிக்கும் அடிப்படை போய்விடும். இரண்டு வருடம் கழித்து அந்தத் தம்பதிக்குச் சொந்தமாகப் பிள்ளை பிறந்து, "இது ஒத்து வரல" என்று திருப்பிக் கொடுக்கவும் முடியாது. அதனால்தான் முதல் வருடத்தில் வேண்டாம் என்கிறேன். ஒரு வருடம் சொந்தத்தில் வளரட்டும். ஒட்டிக்கொண்டது என்று பிள்ளையும் சொன்னால் தத்துக்குப் போங்கள்.

## வளர்ப்புப் பராமரிப்பு

சொந்தக்காரர் அல்லாத ஒரு குடும்பம், நலக் குழுவின் உத்தரவில், குறிப்பிட்ட காலத்துக்குப் பிள்ளையை வளர்ப்பது இது. மாதம் 4,000 ரூபாய் உண்டு. குழு தொடர்ந்து வந்து பார்க்கும். உடன்பிறந்தவர்களை ஒரே வீட்டில் வைக்க முயல வேண்டும் என்பது சட்டம். 2024 வழிகாட்டுதல்கள் தனியாக வாழ்பவர்களுக்கும் இதைத் திறந்துவிட்டன. பெண் பிள்ளையைத் தனி ஆணிடம் கொடுக்க மாட்டார்கள். இரண்டு வருடம் வளர்த்த குடும்பம் பிறகு தத்துக்கும் விண்ணப்பிக்கலாம்.

நம் பக்கத்தில் இதைப் பற்றிப் பேசுவோரே குறைவு. "யாரோ வீட்ல விடறதா?" என்று சாதிக் கணக்கும் குறுக்கே வரும். ஆனால் சொந்தத்தில் பாதுகாப்பான வீடு ஒன்றுகூட இல்லாதபோது, இல்லத்துக்கு முன்னால் இதைக் கேட்டுப் பார்க்காமல் விடக் கூடாது. பிள்ளைக்குப் பிடித்த டீச்சரோ, அம்மாவின் தோழியோ முன்வந்தால் அவர்களையே விண்ணப்பிக்கச் சொல்லலாம்.

## குழந்தைகள் இல்லம்

நல்ல இல்லங்கள் இருக்கின்றன. வீட்டிலேயே வன்முறை நடந்த பிள்ளைக்கும், பார்த்துக்கொள்ள உண்மையிலேயே ஆள் இல்லாத பிள்ளைக்கும் அதுதான் காப்பு. சாப்பாடு, படிப்பு, மருத்துவம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். சொந்தத்தில் வளரும் பிள்ளைக்கு இல்லாத ஒரு சலுகையும் இங்கே உண்டு: பதினெட்டு முடிந்து இல்லத்தை விட்டு வெளியே வருபவருக்குப் பிற்காலப் பராமரிப்பு உதவி, பொதுவாக 21 வயது வரை.

ஆனால் வறுமைக்காக மட்டும் பிள்ளையை இல்லத்தில் விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. சோறு போட முடியவில்லை என்பதற்குப் பதில் நிதி ஆதரவு; அதற்காகத்தான் அந்தத் திட்டமே வந்தது. ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் இல்லங்கள் தனித்தனி என்பதால் அக்காவும் தம்பியும் பிரிவது கிட்டத்தட்ட நிச்சயம்.

சேர்ப்பதாக இருந்தாலும் நலக் குழு உத்தரவோடு மட்டுமே சேருங்கள். ஊருக்கு வேன் கொண்டுவந்து, "சென்னையில படிக்க வைக்கறோம், பெங்களூர்ல படிக்க வைக்கறோம்" என்று பிள்ளைகளைக் கூட்டிப்போக வருபவர்களிடம் மூன்று காகிதம் கேளுங்கள்: இளைஞர் நீதிச் சட்டப் பதிவு, ஆட்சியர் கொடுத்த உரிமம், இந்தப் பிள்ளையின் பெயரில் நலக் குழு உத்தரவு. பதிவில்லாமல் இல்லம் நடத்துவது குற்றம். பதிவான இல்லத்தை ஆய்வுக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது பார்வையிட வேண்டும். கடைசியாக எப்போது வந்தார்கள் என்று கேட்டால் நல்ல இல்லம் தயங்காமல் சொல்லும்.

## விடுதியை இல்லம் என்று நினைத்துவிடாதீர்கள்

ஆதிதிராவிடர் நல விடுதி, பிற்படுத்தப்பட்டோர் நல விடுதி, மலைக் கிராமப் பிள்ளைகளுக்கான பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி, இடைநின்ற பெண் பிள்ளைகளுக்கான கஸ்தூரிபா பள்ளி ஆகியவை படிப்புக்கான இடங்கள். பள்ளி தூரமாக இருந்தால் நல்ல உதவி. ஆனால் கோடை விடுமுறையிலும் தீபாவளி பொங்கலுக்கும் விடுதி மூடிவிடும். அப்போது பிள்ளை எங்கே போகும்? பெட்டியோடு வாசலில் நிற்கும் பிள்ளைக்குக் கதவைத் திறக்க ஒரு வீடு வேண்டும். அந்த வீடு எது என்று முடிவான பிறகுதான் விடுதி. இன்னொன்று, விடுதியில் சேர்த்தால் நிதி ஆதரவு நிற்கலாம். சேர்க்கும் முன் மாவட்ட அலகில் கேட்டுவிடுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | உத்தரவு யாரிடம் | பணம் | உடன்பிறந்தவர் | திரும்ப மாற்ற முடியுமா |
|---|---|---|---|---|
| சொந்தத்தில் வளர்வது | குழந்தைகள் நலக் குழு | தகுதி இருந்தால் 4,000 அல்லது அன்புக் கரங்கள் 2,000 | சேர்ந்திருக்க எளிது | முடியும் |
| நீதிமன்றப் பாதுகாவலர் | மாவட்ட நீதிமன்றம் | தனியாக இல்லை. வக்கீல் செலவு உண்டு | பாதிக்காது | நீதிமன்றம் வழியாக |
| உறவினர் தத்து | மாவட்ட ஆட்சியர் | ஆதரவற்றோர் உதவிக்கு அடிப்படை போகும் | சட்ட உறவு அறும் | முடியாது என்றே கொள்ளுங்கள் |
| வளர்ப்புப் பராமரிப்பு | குழந்தைகள் நலக் குழு | 4,000 | சேர்க்க முயல்வார்கள் | முடியும் |
| குழந்தைகள் இல்லம் | குழந்தைகள் நலக் குழு | பராமரிப்பு முழுவதும் இல்லம் | பெரும்பாலும் பிரிவார்கள் | முடியும் |

## நான் ஒப்பிடாத இரண்டு

திண்ணைப் பேச்சில் இந்த இரண்டும் வரும் என்பதால் சொல்கிறேன். பதினைந்து வயதுப் பெண்ணை "ஒருத்தன் கையில பிடிச்சுக் கொடுத்துட்டா நம்ம கடமை முடிஞ்சுது" என்பது ஒன்று. திருப்பூர், கோவை மில்லுக்கு அனுப்பினால் கல்யாணச் செலவுக்கு ஆகும் என்பது இன்னொன்று. முதலாவது 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி நடத்தி வைப்பவர்களுக்கே இரண்டு ஆண்டு வரை கடுங்காவல் தரக்கூடிய குற்றம்; மாப்பிள்ளை மீது போக்சோ வழக்கும் வரும். இரண்டாவது அந்தப் பெண்ணின் பள்ளிப்படிப்பை நிரந்தரமாக முடித்துவிடுகிறது. நம் இரு மாவட்டங்களிலும் இவை இன்னும் நடப்பது எனக்கு ஆறாத வேதனை. இப்படி ஒரு பேச்சு காதில் விழுந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள். சொன்னவர் பெயரை வெளியே சொல்ல மாட்டார்கள்.

## கைக்குழந்தையாக இருந்தால்

பெண் சிசுக்கொலைக்கு எதிராகச் சேலத்தில் 1992-இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2001-இல் தருமபுரிக்கும் வந்தது. வளர்க்கவே முடியாத நிலையில் தாய் குழந்தையை ஒப்படைக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஒப்படைத்த பிறகும் மனம் மாற இரண்டு மாதம் உண்டு. ஆஸ்பத்திரியில் யாராவது "பிள்ளையில்லாதவங்க இருக்காங்க, பணமும் தருவாங்க" என்று வந்தால், அது குழந்தை விற்பனை. ஐந்து ஆண்டு வரை கடுங்காவல்.

## உங்கள் வீட்டுக்கு எது

ஆயா தெம்பாக இருக்கிறார், பக்கத்தில் ஒரு சித்தியும் இருக்கிறார் என்றால் சொந்தத்தில் வளரட்டும். நலக் குழு உத்தரவும் நிதி ஆதரவும் வாங்குங்கள். நிலம் இருந்து, அதன்மேல் ஒரு பங்காளிக்குக் கண் இருந்தால், கூடவே பாதுகாவலர் மனு. பிள்ளையில்லாத சித்தி இரண்டு பிள்ளைகளையும் சேர்த்தே ஏற்கிறார், பிள்ளைகளும் ஒட்டிக்கொண்டார்கள் என்றால் ஒரு வருடத்துக்குப் பிறகு தத்து. சொந்த வீட்டிலேயே ஆபத்து என்றால் ஒரு நாள்கூடத் தாமதம் வேண்டாம்: 1098, உடனே குழந்தைகள் நலக் குழு, தற்காலிகமாக இல்லமே பாதுகாப்பு. அடுத்து என்ன என்பதைக் குழு நான்கு மாதத்துக்குள் விசாரித்து முடிவு செய்யும்.

அம்மா உயிரோடு இருந்து பெங்களூரில் வேலை செய்கிறார் என்றால் தத்துப் பேச்சையே எடுக்காதீர்கள். கணவரை இழந்த தாய்க்கே நிதி ஆதரவு உண்டு. பிள்ளைகளைத் தன்னோடு அங்கே கூட்டிப்போவதா, ஆயாவிடம் ஊரில் விடுவதா என்பதுதான் அவருக்கு உண்மையான கேள்வி. கூட்டிப்போனால் கோப்பு கர்நாடகத்துக்கு மாற வேண்டும், இங்கே வந்துகொண்டிருக்கும் பணம் நிற்கும், பள்ளி மொழியும் மாறும். கட்டட வேலைத் தளத்தில் தகரக் கொட்டகையில் தங்குபவர் என்றால், பத்தாவது முடியும் வரை பிள்ளைகள் ஊரில் இருப்பதும், அவர் மாதம் ஒருமுறை வந்து போவதும் மேல் என்று நினைக்கிறேன்.

மனுவைத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்துவிட்டு ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அல்லது நேராக மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கே போகலாம். எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால் அங்கன்வாடி ஊழியரையோ பள்ளித் தலைமை ஆசிரியரையோ கேளுங்கள். கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழுவுக்கு அவர்கள் வழி காட்டுவார்கள். போகும்போது இறப்புச் சான்று, பிள்ளையின் பிறப்புச் சான்றும் ஆதாரும், பள்ளியில் படிப்பதற்கான சான்று, ரேஷன் அட்டை, வருமானச் சான்று, வளர்ப்பவரின் ஆதார், பிள்ளையின் இரண்டு புகைப்படம் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். இதில் ஒன்றிரண்டு இன்னும் கைக்கு வராவிட்டாலும் மனுவைத் தள்ளிப் போடாதீர்கள்.